ஒரு யூனிட்டின் விலை

நுழையும்முன்

விறகும் மண்ணெண்ணெயும் எரிவாயும் செய்த வேலைகளை இன்று பல வீடுகளில் ஒரே கம்பி செய்கிறது. சமையல், வெந்நீர், குளிர்காற்று, ஒளி, துவைப்பு என அனைத்தையும் மின்சாரத்திடம் ஒப்படைத்துவிட்ட வீட்டில், இரண்டு திங்களுக்கு ஒருமுறை வரும் மின்கட்டணம் குடும்பத்தின் முதன்மைச் செலவுகளுள் ஒன்றாகிவிடுகிறது. அக்கட்டணம் எவ்வாறு உருவாகிறது, அதனை எங்கே குறைக்கலாம், எங்கே குறைக்கலாகாது என்பனவற்றை இப்பாடம் விளக்குகிறது.

விளக்கில் தொடங்கிய உறவு

நீலகிரி மலையில் பைகாரா நீர்மின் நிலையம் 1932ஆம் ஆண்டில் மின்னுற்பத்தியைத் தொடங்கியது. 1957 ஜூலை முதல் நாளில் மாநில மின்சார வாரியம் நிறுவப்பட்டது. அக்காலத்தில் வீட்டுக்கு மின்சாரம் வந்தது என்றால் விளக்கு வந்தது என்றே பொருள். கூடத்தில் ஒன்று, அடுக்களையில் ஒன்று எனச் சில விளக்குகள் எரிந்தன. பின்னர் வானொலியும் மின்விசிறியும் வந்தன. மிக்சியும் கிரைண்டரும் அம்மியையும் ஆட்டுரலையும் ஓய்வுபெறச் செய்தன. குளிர்பதனப் பெட்டி, தொலைக்காட்சி, சலவை இயந்திரம், வெந்நீருக்கான கீசர், குளிரூட்டி எனப் பட்டியல் வளர்ந்து, இன்று அடுப்பும் மின்சாரத்திற்கு மாறிவருகிறது.

இம்மாற்றத்தால் விளைந்த நன்மைகள் பல. அடுக்களையில் புகை இல்லை. சமைத்துக்கொண்டிருக்கும்போது சிலிண்டர் தீர்ந்துவிடும் என்ற கவலையும் இல்லை. ஆனால் முன்பு விறகுக்கு ஒரு செலவு, மண்ணெண்ணெய்க்கு ஒரு செலவு, சிலிண்டருக்கு ஒரு செலவு எனத் தனித்தனியே கைவிட்டுப் போன பணம் இப்போது ஒரே தொகையாகத் திரண்டு வருகிறது. எந்தக் கருவி எவ்வளவு உண்டது என்பதை அத்தொகை சொல்வதில்லை. ஆகவே கட்டணம் உயர்ந்தவுடன் வீட்டில் தேடுதல் தொடங்குகிறது. பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் விளக்கின்மீதே பழி விழுகிறது. குளியலறைச் சுவரில் ஓசையின்றி நீரைக் காய்ச்சிக்கொண்டிருக்கும் கீசர் தப்பித்துக்கொள்கிறது. உண்மையான காரணத்தைக் காண இரண்டு செய்திகளை அறிதல் வேண்டும். யூனிட் எவ்வாறு சேர்கிறது என்பது ஒன்று. அந்த யூனிட்டுக்கு விலை எவ்வாறு அமைகிறது என்பது மற்றொன்று.

யூனிட் என்பது யாது?

ஒரு கருவி எவ்வளவு விரைவாக மின்னாற்றலைப் பயன்படுத்துகிறது என்பதைக் குறிக்கும் அளவு வாட். 1000 வாட் கருவி ஒரு மணிநேரம் முழுமையாக இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். இதனையே கிலோவாட் மணி என்பர். 10 வாட் விளக்கு ஒன்று 100 மணிநேரம் எரிந்தாலும் ஒரு யூனிட்தான்; 2000 வாட் கீசர் அரைமணிநேரம் இயங்கினாலும் ஒரு யூனிட்தான். ஆற்றலையும் நேரத்தையும் பெருக்கிப் பார்க்காமல் எக்கருவியையும் பெருந்தீனி என்றோ சிறுதீனி என்றோ சொல்ல இயலாது.

எடுத்துக்காட்டாக மிக்சியை எடுத்துக்கொள்வோம். அதன் ஓசையைக் கேட்பவர்கள் அது மிகுந்த மின்சாரத்தைச் செலவிடுவதாக எண்ணக்கூடும். 750 வாட் மிக்சி நாளொன்றுக்குப் பத்து நிமிடம் இயங்கினால் செலவாவது ஒரு யூனிட்டில் எட்டில் ஒரு பங்கு. மின்விசிறியோ ஓசையின்றிச் சுழல்கிறது. 75 வாட் விசிறி நாளொன்றுக்கு 12 மணிநேரம் சுழன்றால் 0.9 யூனிட் ஆகிறது. ஏழு நாள் அரைத்த மிக்சியின் செலவை இவ்விசிறி ஒரே நாளில் எட்டிவிடுகிறது.

வெப்பமே பெருஞ்செலவு

வீட்டுக் கருவிகளை அவை செய்யும் வேலையைக் கொண்டு பகுத்தால் ஓர் ஒழுங்கு புலப்படும். ஒளி தருவன, பொருளைச் சுழற்றுவன, வெப்பத்தை உண்டாக்குவன அல்லது வெளியேற்றுவன என அவை மூவகைப்படும். இன்றைய எல்.இ.டி. விளக்குகள் மிகக் குறைந்த ஆற்றலில் ஒளி தருகின்றன. 60 வாட் குண்டு விளக்கு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. மிக்சி, கிரைண்டர் போன்ற சுழலும் கருவிகள் சிறிது நேரமே இயங்குகின்றன. மூன்றாம் வகையைச் சேர்ந்த அடுப்பு, கீசர், இஸ்திரிப் பெட்டி, குளிரூட்டி ஆகியனவே மின்கட்டணத்தை ஏற்றுகின்றன.

இதற்கான காரணம் நீரின் இயல்பிலேயே இருக்கிறது. ஒரு லிட்டர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்த ஏறத்தாழ 4.2 கிலோஜூல் ஆற்றல் தேவை. 20 லிட்டர் கொள்ளும் ஒரு வாளி நீரை 28 பாகையிலிருந்து 40 பாகைக்கு உயர்த்தக் கணக்கிட்டால் 1000 கிலோஜூலைச் சற்றே தாண்டும். ஒரு யூனிட் என்பது 3600 கிலோஜூல். ஆகவே ஒரு வாளி வெந்நீருக்கு 0.28 யூனிட் செலவாகிறது. எந்த நிறுவனத்தின் கீசரை வாங்கினாலும் இந்தக் கணக்கு மாறாது. நீரின் அளவைக் குறைத்தோ தேவைக்கு மேல் சூடேற்றாமலோதான் செலவைக் குறைக்க முடியும். நிமிடத்திற்கு 8 லிட்டர் பொழியும் தூவல்குழாயின்கீழ்ப் பத்து நிமிடம் நின்றால் 80 லிட்டர் ஆகிறது. அது நான்கு வாளி. ஒரு யூனிட்டுக்கும் மேல்.

கட்டணம் என்னும் படிக்கட்டு

கடையில் ஒரு கிலோ அரிசி வாங்கினாலும் பத்துக் கிலோ வாங்கினாலும் கிலோவுக்கு விலை ஒன்றுதான். மிகுதியாக வாங்கினால் சற்றுக் குறைத்தும் தருவர். மின்சாரம் இதற்கு நேர்மாறானது. பயன்பாடு கூடக்கூட யூனிட்டின் விலையும் கூடுகிறது. குறைவாகப் பயன்படுத்தும் எளிய குடும்பங்களுக்குச் சுமை குறையவும் மிகுதியாகப் பயன்படுத்துவோர் மிகுதியாகச் செலுத்தவும் இம்முறை வகுக்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் வீடுகளுக்கு இரண்டு திங்களுக்கு 100 யூனிட் கட்டணமின்றி வழங்கப்பட்டது.

2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப் பட்டியலை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். இரண்டு திங்களுக்கு 500 யூனிட் வரை பயன்படுத்தும் வீட்டுக்கு அது பின்வருமாறு அமைந்தது:

முதல் 100 யூனிட் – கட்டணமில்லை
101 முதல் 200 வரை – யூனிட்டுக்கு 2.25 ரூபாய்
201 முதல் 400 வரை – யூனிட்டுக்கு 4.50 ரூபாய்
401 முதல் 500 வரை – யூனிட்டுக்கு 6 ரூபாய்

பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் பட்டியலே மாறிவிடும்:

முதல் 100 யூனிட் – கட்டணமில்லை
101 முதல் 400 வரை – யூனிட்டுக்கு 4.50 ரூபாய்
401 முதல் 500 வரை – யூனிட்டுக்கு 6 ரூபாய்
501 முதல் 600 வரை – யூனிட்டுக்கு 8 ரூபாய்
601 முதல் 800 வரை – யூனிட்டுக்கு 9 ரூபாய்
801 முதல் 1000 வரை – யூனிட்டுக்கு 10 ரூபாய்
1000க்கு மேல் – யூனிட்டுக்கு 11 ரூபாய்

இத்தொகைகள் பின்னர் திருத்தப்பட்டுள்ளன. ஆகவே சொந்த வீட்டுக் கணக்குக்கு நடப்புப் பட்டியலையே பயன்படுத்துதல் வேண்டும். கணக்கிடும் முறையைக் கற்றுக்கொள்ள மேற்கண்ட எண்கள் போதுமானவை.

இரு பட்டியல்களையும் ஒப்பிட்டால் ஒரு நுட்பம் விளங்கும். 500 யூனிட் பயன்படுத்திய வீட்டின் கட்டணம் 1725 ரூபாய். அதே வீடு 501 யூனிட் பயன்படுத்தியிருந்தால் கட்டணம் 1958 ரூபாய். கூடுதலான ஒரு யூனிட்டுக்கு 8 ரூபாய். இரண்டாம் நூறு யூனிட்டுக்குக் கிடைத்துவந்த சலுகை நின்றுபோனதால் 225 ரூபாய். ஆக 233 ரூபாய். அந்த ஒரு யூனிட், கணக்கெடுப்புக்கு முந்தைய நாள் சற்று நேரம் கூடுதலாக ஓடிய குளிரூட்டியாகவும் இருக்கலாம். மறந்து அணைக்காமல் விட்ட கீசராகவும் இருக்கலாம்.

ஒரே சமையல், இருவேறு விலை

அடுப்பை மின்சாரத்திற்கு மாற்றலாமா என்னும் வினா இன்று பல குடும்பங்களில் எழுகிறது. இதற்கு விடைகாண, ஒரு சிலிண்டர் செய்யும் வேலையை யூனிட்டில் அளந்து பார்ப்போம். வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு உள்ளது. அதனை எரித்தால் கிடைக்கும் வெப்பம் ஏறத்தாழ 180 யூனிட்டுக்கு இணையானது. எரிவாயு அடுப்பில் அவ்வெப்பத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சேராமல் காற்றில் கலந்துவிடுகிறது. மின்தூண்டல் முறையில் இயங்கும் இண்டக்சன் அடுப்பு, காந்தப் புலத்தின் வாயிலாகப் பாத்திரத்தின் அடிப்பகுதியையே நேரடியாகச் சூடாக்குவதால் அதில் இழப்பு குறைவு. இவற்றையெல்லாம் கருதினால், ஒரு சிலிண்டர் சமைக்கும் உணவை இண்டக்சன் அடுப்பில் சமைக்க ஏறத்தாழ 140 யூனிட் போதும்.

இந்த 140 யூனிட்டின் விலை என்ன? இரண்டு வீடுகளை எண்ணிக்கொள்வோம். முதல் வீட்டின் பயன்பாடு இரண்டு திங்களுக்கு 150 யூனிட். சமையலையும் சேர்த்தால் 290 யூனிட் ஆகிறது. கட்டணம் 112 ரூபாய் 50 காசிலிருந்து 630 ரூபாயாக உயர்கிறது. கூடுதல் செலவு 517 ரூபாய் 50 காசு. இரண்டாம் வீட்டின் பயன்பாடு 400 யூனிட். சமையலைச் சேர்த்தால் 540 ஆகிறது. கட்டணம் 1125 ரூபாயிலிருந்து 2270 ரூபாயாக உயர்கிறது. கூடுதல் செலவு 1145 ரூபாய்.

அரிசி ஒன்று, அடுப்பு ஒன்று, செலவான யூனிட்டும் ஒன்று. ஆயினும் ஒரு வீட்டில் ஆன செலவு மற்றொரு வீட்டில் இருமடங்குக்கும் மேலாகிறது. மின்சார அடுப்பு மலிவானது என்று ஒருவரும், அது கட்டுப்படியாகாது என்று மற்றொருவரும் சொன்னால் இருவருமே தத்தம் வீட்டளவில் மெய்யே சொல்கின்றனர். ஒரு யூனிட்டின் விலை, அந்த வீடு படிக்கட்டின் எந்தப் படியில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. வீட்டு மின்சிக்கனத்தின் அடிப்படை இதுவே.

ஒரு வீட்டின் கணக்கு

அனைத்துக்கும் மின்சாரத்தைப் பயன்படுத்தும் நால்வர் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். அவ்வீட்டில் இரண்டு திங்களில், அதாவது 60 நாளில் செலவாகும் யூனிட்டுகளைத் தோராயமாகப் பட்டியலிடுவோம்.

இண்டக்சன் அடுப்பு – 140
கீசர் (நாளொன்றுக்கு நான்கு வாளி, வெப்ப இழப்பு உட்பட) – 80
75 வாட் மின்விசிறிகள் மூன்று, 12 மணிநேரம் – 162
குளிர்பதனப் பெட்டி – 40
20 வாட் எல்.இ.டி. குழல்விளக்குகள் ஆறு, 5 மணிநேரம் – 36
நீரேற்றும் மோட்டார் – 30
தொலைக்காட்சி முதலியன – 30
சலவை இயந்திரம், மிக்சி, கிரைண்டர் – 22
மொத்தம் – 540

அடுப்பு, கீசர், விசிறி ஆகிய மூன்றும் சேர்ந்தே 382 யூனிட்டை எடுத்துக்கொள்கின்றன. விளக்குகள் அனைத்தும் சேர்ந்து 36 யூனிட்தான். கோடையில் இவ்வீட்டில் கீசர் ஓய்வெடுக்கும். குளிரூட்டி வேலை தொடங்கும். மணிக்குச் சராசரியாக ஒரு யூனிட் வீதம் இரவில் ஆறு மணிநேரம் இயங்கினால் குளிரூட்டிக்கு மட்டும் 360 யூனிட். மொத்தம் 820 ஆகிறது. கட்டணம் 2270 ரூபாயிலிருந்து 4750 ரூபாயாக உயர்கிறது. யூனிட் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகும்போது பணம் இருமடங்கைக் கடந்துவிடுகிறது. கோடைக்காலக் கட்டணம் பலரையும் திடுக்கிட வைப்பதற்கு இதுவே காரணம்.

இனி, அவ்வீட்டில் ஒரே ஒரு மாற்றத்தைச் செய்து பார்ப்போம். 75 வாட் விசிறிகள் மூன்றையும் நீக்கிவிட்டு, 30 வாட்டில் இயங்கும் பி.எல்.டி.சி. வகை விசிறிகளைப் பொருத்துவோம். விசிறிகளின் செலவு 162 யூனிட்டிலிருந்து 65 யூனிட்டாகக் குறைகிறது. 97 யூனிட் மிச்சம். வீட்டின் மொத்தப் பயன்பாடு 443 ஆகி 500க்குக் கீழே இறங்குகிறது. கட்டணம் 1383 ரூபாய். முன்பு செலுத்திய 2270 ரூபாயில் 887 ரூபாய் மிச்சமாகிறது. யாரும் வியர்வையில் வாடவில்லை. எவரும் இருளில் அமரவில்லை.

இதே மூன்று விசிறிகளை 200 யூனிட் மட்டுமே பயன்படுத்தும் வீட்டில் மாற்றினால் மிச்சமாவது 218 ரூபாய்தான். புதிய வகை விசிறியின் விலை கூடுதல் என்பதால் அந்த வீட்டார், இருக்கும் விசிறி பழுதாகும்வரை பொறுத்திருந்து மாற்றுவதே அறிவுடைமை. அண்டை வீட்டுக்குப் பொருந்திய சிக்கனம் நம் வீட்டுக்கும் அப்படியே பொருந்த வேண்டும் என்பதில்லை.

எங்கெங்கே குறைக்கலாம்?

சமையலில்: பருப்பையும் கடலையையும் முன்னரே ஊறவைத்தல், மூடியிட்டு வேகவைத்தல், குக்கரைப் பயன்படுத்துதல் ஆகிய பழைய வழிகளே இங்கும் பயன்தரும். நீர் கொதிநிலையை அடைந்தபின் அடுப்பின் ஆற்றலைக் குறைத்துவிட வேண்டும். திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீர் 100 பாகைக்கு மேல் சூடேறாது. தழலைக் கூட்டினால் ஆவிதான் மிகும், உணவு விரைந்து வேகாது. இண்டக்சன் அடுப்புக்குக் காந்தம் ஒட்டும், அடி தட்டையான பாத்திரமே ஏற்றது. தனி அலுமினியமும் செம்பும் அதில் சூடேறா.

வெந்நீரில்: சமவெளி ஊர்களில் கோடை நாளின் மாலையில் மாடித் தொட்டி நீரே வெதுவெதுப்பாக இருக்கும், அப்போது கீசர் தேவையில்லை. மற்ற நாள்களில் குளிப்பதற்குச் சற்று முன்னர் இயக்கி, ஒருவர்பின் ஒருவராகக் குளித்து முடித்து அணைத்துவிடலாம். நீரைக் கொதிக்கக் காய்ச்சிப் பின்னர்த் தண்ணீர் கலந்து ஆற்றுவதைவிட, கீசரின் வெப்பநிலையை அளவாக வைப்பதால் இழப்பு குறையும். சொந்த மாடி உள்ளோர்க்குச் சூரிய வெந்நீர்க் கலன் நல்லதொரு வழி.

குளிரூட்டியில்: வெப்பநிலையை ஒரு பாகை உயர்த்தி வைத்தால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது ஒன்றிய அரசின் ஆற்றல் திறன் செயலகத்தின் கணிப்பு. புதிய அறைக் குளிரூட்டிகள் 24 பாகையையே இயல்புநிலையாகக் கொண்டிருக்க வேண்டும் என்னும் விதி 2020 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. 26 பாகையில் வைத்து மின்விசிறியையும் மெதுவாகச் சுழலவிட்டால் உடலுக்குப் போதிய குளிர்ச்சி கிடைக்கும். காற்றுவடிகட்டியைத் தூய்மை செய்தல், சன்னல் இடுக்குகளை அடைத்தல், மேற்கு வெயில் விழும் சன்னலுக்குத் தட்டியோ திரையோ இடுதல் ஆகியனவும் துணைபுரியும்.

வாங்கும்போது: குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி முதலியவற்றில் ஒட்டப்பட்டிருக்கும் நட்சத்திரச் சீட்டு 2006ஆம் ஆண்டில் அறிமுகமானது. பலரும் நட்சத்திரங்களை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றனர். அச்சீட்டிலேயே அக்கருவிக்கு ஓராண்டில் ஆகும் யூனிட் அச்சிடப்பட்டிருக்கும். அவ்வெண்ணை ஆறால் வகுத்தால் ஒரு கட்டணக் காலத்துக்குரிய யூனிட் கிடைக்கும். கருவியின் விலையோடு இதனையும் சேர்த்துப் பார்ப்பவரே அதன் முழு விலையை அறிந்தவர்.

அணைக்கும்போது: தொலைக்காட்சியைத் தொலைவியக்கியால் நிறுத்திவிட்டாலும் அதன் அருகிலுள்ள செட்டாப் பெட்டி விழித்தே இருக்கும். அது 10 வாட் எடுத்தால் 60 நாளில் 14 யூனிட்டைத் தாண்டும். சுவரிலுள்ள பொத்தானை அணைப்பதே முழுமையான நிறுத்தம்.

குறைக்கலாகாதவை

சிக்கனம் வேறு, தேவையை ஒடுக்குதல் வேறு. கட்டணத்துக்கு அஞ்சி முதியோர் அறையின் விசிறியை நிறுத்துவதும், படிக்கும் பிள்ளையின் விளக்கை மங்கலாக்குவதும், இன்சுலின் வைத்திருக்கும் குளிர்பதனப் பெட்டியை இரவில் அணைப்பதும் சிக்கனம் ஆகா. கடும் வெயிலில் உடல்வெப்பம் தணியாமற்போவது உயிருக்கே ஊறு விளைவிக்கும். நோயுற்றோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் குளிர்ச்சியும் ஒரு மருந்தே.

மனித உழைப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். கோயம்புத்தூரில் செய்யப்படும் கிரைண்டர்கள் நாடெங்கும் அறியப்பட்டவை. 150 வாட் ஆற்றலுள்ள மேசைக் கிரைண்டர் அரைமணிநேரம் மாவரைக்க 0.08 யூனிட்டுக்கும் குறைவாகவே செலவாகிறது. அதைத் தவிர்த்து ஆட்டுரலுக்குத் திரும்பினால் மிச்சமாவது சில காசுகள். இழப்பது ஒருவருடைய காலைப்பொழுது. பெரும்பாலும் அந்த ஒருவர் வீட்டுப் பெண்ணாகவே இருக்கிறார். சிக்கனத்தின் சுமை முழுவதும் ஒருவர் தோளில் விழுமாயின் அது குடும்பத்தின் சிக்கனம் ஆகாது.

பாதுகாப்பிலும் மிச்சம் பிடித்தலாகாது. 2000 வாட் அடுப்பு, 230 வோல்ட் மின்னழுத்தத்தில் 8.7 ஆம்பியர் மின்னோட்டத்தை எடுக்கும். அதனை 6 ஆம்பியர் செருகுவாயிலோ மெல்லிய நீட்டிப்புக் கம்பியிலோ பொருத்தினால் கம்பி சூடேறித் தீப்பற்ற வாய்ப்புண்டு. அடுப்பு, கீசர், குளிரூட்டி ஆகியவற்றுக்குத் தனித்தனி மின்தடமும் முறையான நிலத்தொடர்பும் மின்கசிவுத் துண்டிப்பானும் தேவை. புதிய பெருங்கருவிகளைச் சேர்க்கும்போது வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளு போதுமானதா என்பதையும் உறுதிசெய்தல் வேண்டும்.

மாடி உள்ளோரும் இல்லாதோரும்

ஒன்றிய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பி.எம். சூர்ய கர் திட்டம், வீட்டுக் கூரையில் சூரியத் தகடு அமைப்போர்க்கு 2 கிலோவாட் வரை கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், 3 கிலோவாட் அல்லது அதற்கு மேல் அமைத்தால் மொத்தம் 78,000 ரூபாயும் மானியமாக அறிவித்தது. நம் மாநிலத்து வெயிலில் ஒரு கிலோவாட் தகடு நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் அளவுக்குத் தரும். அது 60 நாளில் 240 யூனிட். மேற்படியில் நிற்கும் வீட்டை இது பல படிகள் கீழே இறக்கிவிடும்.

ஆயினும் எல்லார்க்கும் மாடி இல்லை. வாடகை வீட்டில் வாழ்வோர் கூரையில் தகடு பதிக்க இயலாது. சில இடங்களில் குடியிருப்போர்க்குத் தனி மீட்டர் இல்லாததால், உரிமையாளர் எல்லா யூனிட்டுக்கும் ஒரே விலை வைத்து வாங்குவதும் உண்டு. அங்கே முதல் யூனிட்டுக்கும் விலை உண்டு. கட்டணமில்லா யூனிட்டின் பயனும் சலுகையின் பயனும் அவர்களைச் சேர்வதில்லை. குறைந்த வருவாயுள்ள குடும்பம் மிகுந்த விலைக்கு மின்சாரம் வாங்கும் இந்நிலை, தனி மீட்டர் என்பது எவ்வளவு இன்றியமையாதது என்பதைக் காட்டுகிறது. குடிபுகுமுன் வாடகையைக் கேட்பதுபோல் மீட்டரைப் பற்றியும் யூனிட் விலையைப் பற்றியும் கேட்டறிவது நன்று.

மீட்டரைப் படிப்போம்

கணக்கெடுப்பாளர் வந்து சென்றபின் கட்டணத்தைப் பார்த்து வருந்துவதால் பயனில்லை; அந்த யூனிட்டுகள் செலவாகி முடிந்துவிட்டன. வாரந்தோறும் ஒரே கிழமையில் மீட்டரிலுள்ள எண்ணைக் குறித்து, சென்ற வார எண்ணைக் கழித்தால் அவ்வாரப் பயன்பாடு தெரியும். 500 யூனிட்டுக்குள் நிற்க விரும்பும் வீடு, நாளொன்றுக்கு 8 யூனிட் என்னும் அளவை மனத்தில் கொள்ளலாம். ஐந்தாம் வாரத்திலேயே அளவு மீறுவது தெரிந்தால் திருத்திக்கொள்ள இன்னும் மூன்று வாரங்களுக்கு மேல் இருக்கின்றன.

இப்பணிக்குப் பெரிய கல்வி தேவையில்லை. கூட்டல், கழித்தல், பெருக்கல் தெரிந்த எவரும் செய்யலாம். வீட்டில் அதனைச் செய்ய ஏற்றவர் பள்ளி மாணவரே. குறித்த எண்களைக் குடும்பத்தார் முன்வைத்து, எதைக் குறைப்பது, எதைக் குறைக்காமல் விடுவது என்று அனைவரும் கூடிப் பேசலாம். அப்போது யார்மீதும் பழி சுமத்த வேண்டியிராது. விளக்கை அணைக்கச் சொல்லும் குரலுக்கு முன்னே, கீசரை அணைக்க ஒரு கை எழும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டு மீட்டரின் எண்ணை நான்கு வாரங்கள் தொடர்ந்து குறித்து, நாளொன்றுக்கான சராசரிப் பயன்பாட்டைக் காண்க.
2. உங்கள் வீட்டுக் கருவிகளை ஒளி, சுழற்சி, வெப்பம் என மூவகைப்படுத்தி, ஒவ்வொரு வகைக்கும் ஆகும் யூனிட்டைக் கணக்கிடுக.
3. நடப்புக் கட்டணப் பட்டியலைக் கொண்டு, உங்கள் வீட்டில் 50 யூனிட் குறைந்தால் எவ்வளவு பணம் மிச்சமாகும் என்பதைக் கண்டு, வகுப்பில் பிறர் கண்ட தொகையோடு ஒப்பிட்டு வேறுபாட்டிற்கான காரணத்தை விளக்குக.
4. ‘சிக்கனம் வேறு, தேவையை ஒடுக்குதல் வேறு’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.